படிக்கிணறு பார்க்க எங்கே போகலாம்? இலங்கை மலையகத்தில் இருந்து கிளம்புகிறவருக்கு நான்கு வழிகள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கிணறு கிடையாது. மலையில் கசியும் ஊற்றை மறித்து, ஒரு குழாயை வைத்துக் கீழே திருப்பி விட்டிருப்பார்கள். அதுதான் பீலி. குளிப்பது, துவைப்பது, குடத்தில் பிடிப்பது, ஊர்க்கதை பேசுவது எல்லாம் பீலிக்கரையில்தான். தண்ணீர் தலைக்கு மேலே இருந்து தானாக வந்து விழும் பொருள் என்று நினைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் ஒரு குடம் தண்ணீருக்காக மண்ணுக்குள் படி கட்டி ஏழு தட்டு இறங்கிய ஊர்கள் உண்டு என்று கேள்விப்பட்டபோது எனக்கு நம்பிக்கையே வரவில்லை.

சென்னை போய் வந்த உறவுக்காரப் பையன் ஒருவன் செலவு போக மிஞ்சிய இந்திய 100 ரூபாய் நோட்டு ஒன்றைக் காட்டினான். 2018இல் வந்த ஊதா நிற நோட்டு. பின்பக்கம் இருக்கும் படம் என்ன கோயில் என்று கேட்டேன். கோயில் இல்லை, கிணறு என்றான். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் எனக்கு இன்னும் விடவில்லை.

இப்போது தெரிந்தவர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். ஒரு லீவு, கையில் கொஞ்சம் சேமிப்பு. படிக்கிணறு பார்க்க குஜராத் போவதா, ராஜஸ்தான் போவதா, சொந்தக்காரர்கள் இருக்கும் திருச்சிப் பக்கம் போவதா, இல்லை அனுராதபுரத்தோடு நிறுத்திக்கொள்வதா? ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கம் இருந்து கிளம்புகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கொழும்பில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, இறங்க விடுவார்களா என்பது. படிக்கிணற்றின் அழகு இறங்குவதில்தான் இருக்கிறது. மேலே நின்று எட்டிப் பார்த்தால் அது ஒரு பெரிய குழி, அவ்வளவுதான். பத்துப் படி இறங்கியதும் வெயில் விடும், இன்னும் பத்துப் படியில் சத்தம் அடங்கும், அதற்கும் கீழே கல்லில் இருந்து குளிர் ஏறும். இது படத்தில் வராது. ஆனால் பழைய கட்டடங்கள் என்பதாலும் செல்பி எடுக்கப் போய் விழுகிறவர்கள் இருப்பதாலும் பல இடங்களில் கம்பி போட்டுவிட்டார்கள். நிறையப் பேர் இதை விசாரிக்காமலே டிக்கெட் போட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது, நாள் கணக்கு. மலையகத்துக்காரருக்கு வெளிநாட்டுப் பயணம் என்றால் போக ஒரு நாள், வர ஒரு நாள் தனியாகப் போய்விடும். ஹட்டனில் இருந்து கட்டுநாயக்க விமான நிலையம் போக ஐந்தாறு மணி நேரம். மழைக்காலத்தில் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் கடவுள் விட்ட வழி. காலை விமானம் என்றால் முதல் நாளே இறங்கி எங்காவது தங்க வேண்டும். விமான டிக்கெட் விலையை மட்டும் பார்த்து 'சல்லிசு' என்று சொல்கிறவர்கள் இந்த ஓர் இரவையும் வேன் வாடகையையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

மூன்றாவது காலம். நமக்குப் பாடசாலை விடுமுறை ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர். ஏப்ரலில் குஜராத்தும் ராஜஸ்தானும் 40 பாகையைத் தொடும். பனியில் ஸ்வெட்டர் போட்டுப் பழகிய உடம்புக்கு அது தண்டனை.

நான்காவது, கூட வருவது யார். கொழுந்துக் கூடை சுமந்து மலை ஏறி இறங்கிய அம்மாமாரின் முழங்கால் ஐம்பத்தைந்து வயதிலேயே பேச ஆரம்பித்துவிடும். படிக்கிணற்றில் இறங்குவது சுலபம், ஏறுவதுதான் வேலை. பழைய படிகள் ஒரே உயரத்தில் இருக்காது, கைப்பிடியும் பெரும்பாலும் இருக்காது.

மொழியையும் சாப்பாட்டையும் கடைசியில் வைக்கிறேன். சிலருக்கு அதுதான் முதல்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் படிக்கிணறு என்று ஒரே பெயரில் கூப்பிட்டாலும் வகை வேறு. குஜராத்தின் 'வாவ்' என்பது ஒரு நீண்ட படிப்பாதை, தூண் மண்டபங்களுக்குள் இறங்கி இறங்கிக் கடைசியில் ஒரு கிணற்றில் போய் முடியும். ராஜஸ்தானின் சாந்த் பாவ்ரி ஒரு தலைகீழ்ப் பிரமிட், மூன்று பக்கம் படி. அனுராதபுரத்தில் இருப்பவை படி கட்டிய குளங்கள், கறாராகப் பார்த்தால் கிணறே இல்லை. ஆனால் சொல் ஒன்றுதான். வடமொழியில் 'வாபி', குஜராத்தியில் 'வாவ்', சிங்களத்தில் 'வெவ', தமிழில் 'வாவி'. மட்டக்களப்பு வாவி, கண்டி வாவி, நுவரெலியாவில் நாம் படகு விடும் கிரகரி வாவி என்று தினமும் வாயில் புழங்கும் சொல்லின் ஒன்றுவிட்ட தம்பி அந்த 100 ரூபாய் நோட்டில் இருக்கிறான்.

## குஜராத்: ராணி கி வாவ், அடாலஜ்

சிற்பம்தான் முக்கியம் என்றால் இதற்கு மேல் பேச்சில்லை. அந்த 100 ரூபாய் நோட்டில் இருப்பது பாட்டன் நகரின் ராணி கி வாவ்தான், 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சோலங்கி அரசன் முதலாம் பீமனின் நினைவாக அவன் ராணி உதயமதி கட்டியது என்று சொல்கிறார்கள். நீளம் சுமார் 64 மீற்றர், அகலம் 20, ஆழம் 27. ஏழு தட்டுகள். பெரிய சிற்பங்கள் மட்டும் ஐந்நூறுக்கு மேல். 2014இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

சரஸ்வதி ஆற்றின் வெள்ளம் வண்டலைக் கொண்டுவந்து கொட்டி, இந்தக் கிணறு பல நூறு வருடம் மண்ணுக்குள் கிடந்தது. 1980களில்தான் இந்தியத் தொல்லியல் துறை முழுதாகத் தோண்டி எடுத்தது. மண் மூடியதே நல்லதாகப் போயிற்று. மழையும் வெயிலும் மனிதக் கையும் படாததால் பல சிற்பங்களின் விரல் நகம்கூட உடையாமல் இருக்கிறது. குளித்துவிட்டு ஈரக் கூந்தலைப் பிழிகிறாள் ஒருத்தி, சொட்டும் நீரை அண்ணாந்து குடிக்கிறது ஓர் அன்னம். அந்தச் சிற்பத்தின் முன்னால் நான் கால்மணி நேரம் நின்றேன். பீலிக்கரையில் தலைமுடியைப் பிழிந்து முடிச்சுப் போடும் பெண்களை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன், கை வைக்கும் விதம் அப்படியே அதுதான். கொஞ்சம் தள்ளிச் சுவரில் கட்டம் கட்டமாக ஓடும் கோலங்கள் பாட்டன் ஊர்ப் பட்டோலாச் சேலையில் வரும் கோலங்களை ஒத்திருக்கின்றன. பக்கத்தில் நெசவுக்காரர் வீடுகளில் அந்தச் சேலையைக் காட்டுவார்கள். விலையைக் கேட்டதும் மெதுவாகக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

இறங்கலாமா? பாதி. மேல் தட்டுகளுக்கு விடுகிறார்கள், கிணற்றை ஒட்டிய அடிப்பகுதி அடைப்பு. கிணற்றுச் சுவரில் பாம்பணையில் படுத்திருக்கும் பெருமாளைத் தூரத்தில் இருந்துதான் பார்க்க வேண்டும்.

இந்தக் குறையைத் தீர்ப்பது அடாலஜ். அகமதாபாத்தில் இருந்து சுமார் 18 கிலோமீற்றர். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் வாகேலா குலத்து ராணா வீர் சிங் தொடங்கியதை, அவரைப் போரில் வென்ற சுல்தான் மஹ்மூத் பேகடா முடித்துக் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். ராணி ரூடாபாயை அவர் மணக்கக் கேட்டதாகவும், கிணற்றை முடித்தால் சம்மதம் என்று சொன்ன ராணி, முடிந்ததும் அதிலேயே குதித்துவிட்டதாகவும் ஊரில் கதை. மூன்று பக்கம் இருந்து படி வந்து முதல் நிலத்தடித் தட்டில் கூடுகிறது, ஐந்து தட்டு ஆழம். இங்கே நன்றாகக் கீழே வரை நடக்கலாம். மத்தியானம் போனால் எண்கோண வாய் வழியாக ஒளி நேராக இறங்குவதைப் பார்க்கலாம். வெளியே சட்டை நனைகிற வெயில் என்றால் உள்ளே நம் ஊர் மாலை நேரம்.

ஏன் இவ்வளவு ஆழம் என்று கேட்டால், அந்தப் பக்கம் மழை ஜூனில் தொடங்கி செப்டெம்பரோடு முடிந்துவிடும். மழை முடிந்ததும் நீர்மட்டம் மாதா மாதம் கீழே போகும். கயிறு நீளுவதற்குப் பதிலாக மனிதர் இறங்கிப் போக வழி செய்தார்கள். நீர் எங்கே நின்றாலும் அங்கே ஒரு படி இருக்கும். வணிகக் கூட்டங்கள் தங்கி இளைப்பாறவும் அதே மண்டபம். இரண்டு பருவ மழை வாங்கும் மலையகத்தில் இப்படி ஒன்று தோன்றியிருக்க வழியே இல்லை.

செலவுப் பக்கம் வருவோம். கொழும்பில் இருந்து அகமதாபாத்துக்குப் பெரும்பாலும் சென்னையிலோ மும்பையிலோ மாறித்தான் போக வேண்டியிருக்கும். அங்கே இறங்கியபின் பாட்டன் சுமார் 125 கிலோமீற்றர். பஸ்ஸில் போகலாம், ஆனால் ஒரு நாள் முழுக்க வாடகைக் காரை அமர்த்திக்கொண்டால் அடாலஜ், மொதேரா சூரியன் கோயில், பாட்டன் மூன்றையும் ஒரே சுற்றில் முடிக்கலாம். மொதேராவை விட வேண்டாம், கோயிலுக்கு முன்னால் இருக்கும் சூரிய குண்டமும் படிக்குளம்தான், அதில் தாராளமாக இறங்கலாம். மூன்று நான்கு பேர் சேர்ந்தால் கார் கட்டுப்படியாகும். தனியாகப் போனால் அதுதான் உங்கள் பெரிய செலவு. கொழும்பில் ஒரு முகவர் எனக்குப் போட்டுக் கொடுத்த திட்டத்தில் பாட்டனுக்கு அரை நாள் என்று இருந்தது. போய் வரும் வழியே அரை நாளுக்கு மேல் என்று அவருக்குத் தெரியவில்லை, அல்லது எனக்குத் தெரியாது என்று நினைத்திருக்கிறார். மற்ற இரண்டையும் விட்டுவிட வேண்டியதாயிற்று. இரண்டு வருடம் கழித்து நண்பர்களோடு திரும்பவும் போய்த்தான் பார்த்தேன்.

நுழைவுச் சீட்டில் ஒரு நல்ல செய்தி. இந்தியத் தொல்லியல் துறை இடங்களில் நம்மைப் போன்ற சார்க் (தெற்காசிய) நாட்டவருக்கும் இந்தியர் கட்டணம்தான். ராணி கி வாவ் போன்ற இடத்தில் இந்தியருக்கு 40 ரூபாய் என்றால் மற்ற வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். ஆனால் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். ஹோட்டலில் வைத்துவிட்டு வந்து கவுண்டரில் நின்று வாதாடிப் பயனில்லை.

சாப்பாடு சைவம், பருப்பிலும் வெல்லம். இரண்டாம் நாள் கருவாட்டுச் சம்பல் கனவில் வரும். மதுவிலக்கு உள்ள மாநிலம், கூட வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தேநீர் மட்டும் பரவாயில்லை, இஞ்சி தட்டிப் போட்டுப் பாலில் கொதிக்க வைக்கிறார்கள். அது தேயிலைக்குச் செய்யும் மரியாதையா என்பது வேறு கேள்வி.

## ராஜஸ்தான், டில்லி: படத்துக்கு முதலிடம்

இணையத்தில் படிக்கிணறு என்று தேடினால் முதலில் வரும் முக்கோண முக்கோணமான படிகள் சாந்த் பாவ்ரிதான். ஜெய்ப்பூரில் இருந்து சுமார் 95 கிலோமீற்றரில் ஆபானேரி என்ற கிராமத்தில் இருக்கிறது. 8, 9ஆம் நூற்றாண்டுக் கட்டுமானம். 13 அடுக்கு, 3,500 படி என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. மூன்று பக்கம் படி, நாலாவது பக்கம் பின்னால் வந்தவர்கள் சேர்த்த மாடங்கள்.

ஒரு படியில்கூடக் கால் வைக்க முடியாது. சுற்றிக் கம்பி. மேலே ஒரு சுற்று நடந்து, படம் எடுத்து, பக்கத்தில் உள்ள ஹர்ஷத் மாதா கோயிலையும் பார்த்தால் முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. அதற்காகக் கொழும்பில் இருந்து டில்லி, டில்லியில் இருந்து ஜெய்ப்பூர், அங்கிருந்து கார். ஆமேர் கோட்டைக்குக் கீழே இருக்கும் பன்னா மீனா குண்டமும் அழகுதான். அங்கேயும் படியில் கால் வைத்தால் காவலாளி விசில் ஊதுவார்.

இறங்க விடும் இடங்களும் உண்டு. ஜோத்பூரில் 1740களில் கட்டிய தூர்ஜி கா ஜால்ராவைச் சுத்தம் செய்து திறந்து வைத்திருக்கிறார்கள், படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விடலாம், பையன்கள் மேலே இருந்து குதிப்பார்கள். ஆனால் ஜோத்பூர் இன்னும் முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால். டில்லி நகர நடுவில், கன்னாட் பிளேஸ் பக்கத்தில் உள்ள அக்ரசேன் கி பாவ்லியும் அப்படித்தான். நூறு படிக்கு மேல் இருக்கிறது, அடியில் பெரும்பாலும் தண்ணீர் இருக்காது, காதல் ஜோடிகளும் புறாக்களும் இருக்கும்.

வேறு காரணத்துக்காக டில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் போகிறவர்கள் இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படிக்கிணற்றுக்காக மட்டும் என்றால் நான் போகச் சொல்ல மாட்டேன். ஜனவரியில் டில்லி மூடுபனியில் விமானமும் ரயிலும் தாமதமாகும், கையில் ஒரு நாள் உபரி வேண்டும்.

## திருச்சி, காஞ்சிபுரம்: பூட்டன் ஊர் வழி

இந்தத் தெரிவைப் பலர் நினைத்துப் பார்ப்பதே இல்லை. படிக்கிணறு என்றால் வடக்கே என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

திருச்சியில் இருந்து துறையூர் போகும் சாலையில் சுமார் 20 கிலோமீற்றரில் திருவெள்ளறை. நம்மில் எத்தனை பேருடைய பூட்டன் பூட்டி துறையூர், முசிறி, பெரம்பலூர்ப் பக்கம் இருந்து தோட்ட வேலைக்காக மன்னார் வழியாக நடந்து மாத்தளைக்கு வந்தவர்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். அவர்கள் நடந்த பக்கத்தில்தான் இந்தக் கிணறு இருக்கிறது, அவர்கள் காலத்துக்கு ஆயிரம் வருடம் முன்பிருந்தே.

பல்லவன் தந்திவர்மன் காலத்தில், கி.பி. 800ஐ ஒட்டி, கம்பன் அரையன் என்பவர் வெட்டியது. கல்வெட்டில் பெயர் மாற்பிடுகு பெருங்கிணறு. மேலே இருந்து பார்த்தால் சுவஸ்திக வடிவம். நாலு பக்கமும் படி, ஒவ்வொரு படிவரிசையும் பாதியில் மடங்கித் திரும்புகிறது. அதனால் ஒரு துறையில் குளிப்பவர் இன்னொரு துறையில் இருப்பவருக்குத் தெரிய மாட்டார். ஊரில் இதற்கு மாமியார் மருமகள் கிணறு என்று பெயர். பேர் வைத்தவருக்கு வீட்டு அனுபவம் நிறைய இருந்திருக்க வேண்டும்.

கல்வெட்டில் ஒரு பாட்டும் உண்டு. நிலையில்லாத உலகத்தின் மேல் ஆசை வைத்து நிற்காதே, மூப்பு வந்து தளர்த்தும் முன் உண்டது போக மிஞ்சியதை உலகம் அறிய வைத்துவிடு என்று பொருள்படும். எழுதியதைத் தமிழில் நாமே படிக்க முடிகிற படிக்கிணறு வேறு எங்கே கிடைக்கும்? பழைய எழுத்து, உடனே பிடிபடாது. பக்கத்தில் யாராவது ஒரு வரியைச் சொல்லிக் கொடுத்தால் மீதி தானாக வரும்.

குறையைச் சொல்கிறேன். சின்னது. ராணி கி வாவைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் 'இவ்வளவுதானா' என்று தோன்றும். நுழைவாயில் கற்களில் சில சிற்பங்கள், மற்றபடி வெறும் கருங்கல் படி. தண்ணீர் பச்சையாகத் தேங்கி இருக்கும். நான் முதல் தடவை போனபோது கம்பிக் கதவு பூட்டியிருந்தது. இரண்டாவது தடவை அம்மாவைக் கூட்டிப் போனேன், அன்று திறந்திருந்தது. மழை பெய்து பாசி பிடித்த படி. பீலிக் கல்லில் நாற்பது வருடம் நின்ற கால், அம்மா செருப்பைக் கழற்றிப் பெருவிரலை ஊன்றி ஊன்றி மடக்கு வரைக்கும் இறங்கினார். அங்கே நின்று மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டு, "இம்புட்டுத் தூரம் இறங்கி மொண்டு, திரும்பக் குடத்தோட ஏறணுமா? நம்ம பீலியே தேவலை" என்றார். அப்புறம் குனிந்து கையில் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். கோயில் தண்ணீர் என்று நினைத்தாரோ, ஊர்த் தண்ணீர் என்று நினைத்தாரோ, நான் கேட்கவில்லை.

பக்கத்தில் புண்டரீகாட்சப் பெருமாள் கோயில், 108 திவ்விய தேசங்களில் ஒன்று. அம்மாமாரைக் கூட்டிப் போக இதைவிட நல்ல காரணம் வேண்டாம். சத்திரம் பஸ் நிலையத்தில் துறையூர் பஸ் ஏறினால் இறங்கிவிடலாம்.

சித்திரையில் போகிறவர்களுக்குக் காஞ்சிபுரம். ஊருக்கு வெளியே ஐயங்கார்குளத்தில் நடவாவிக் கிணறு என்று ஒன்று இருக்கிறது. படியில் இறங்கினால் மண்ணுக்கடியில் தூண் மண்டபம், அதற்கு நடுவில் கிணறு. வருடம் முழுக்கத் தண்ணீருக்குள் கிடக்கும் மண்டபத்தைச் சித்திரைப் பௌர்ணமிக்கு முன் இறைத்து வற்ற வைப்பார்கள். அன்றைக்குக் காஞ்சி வரதராஜப் பெருமாள் இங்கே எழுந்தருளி, பல்லக்கோடு கீழே இறங்கி மண்டபத்தைச் சுற்றி வருவார். வாகனமும் மேளமும் தீவட்டியுமாக ஒரு கூட்டமே கிணற்றுக்குள் இறங்கும் காட்சியை வடக்கே எந்தப் பெரிய வாவிலும் நான் பார்த்ததில்லை. அவையெல்லாம் இப்போது காட்சிப் பொருள், இது இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமி நமக்கு எப்படியும் போயா விடுமுறை. வருடப்பிறப்பு லீவோடு கிட்டத்தில் வந்தால் அதிர்ஷ்டம். ஆனால் வெயில், கூட்டம், நெரிசல் மூன்றும் உச்சத்தில் இருக்கும். சின்னப் பிள்ளைகளையும் முழங்கால்காரர்களையும் அன்று கீழே இறக்க வேண்டாம்.

கொழும்பு–திருச்சி விமானம் ஒரு மணி நேரம்தான். இ-விசாவை ஒரு வாரம் முன்னாலேயே போட்டுவிடுங்கள். யாழ்ப்பாணம் பலாலியில் இருந்தும் விமானம் உண்டு, காங்கேசன்துறையில் இருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலும் ஓடுகிறது. ஆனால் மலையகத்துக்காரர் யாழ்ப்பாணம் போய்ச் சேரும் நேரத்தில் கட்டுநாயக்க வழியாகத் திருச்சியில் இட்லி சாப்பிட்டு முடித்துவிடலாம். கப்பல் வேறு கடல் கொந்தளித்தால் நின்றுவிடும்.

மறைந்த செலவு இங்கே வேறு மாதிரி. தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு போன சொந்தக்காரர்கள் திருச்சியில், நீலகிரியில் இருப்பார்கள். போய்ப் பார்க்காமல் வர முடியாது, வெறுங்கையோடும் போக முடியாது. தேயிலைப் பக்கெட், சவர்க்காரம், பிஸ்கட் என்று போகும்போதே பெட்டி நிறையும். திரும்பும்போது சேலையும் வெள்ளிக் கொலுசும். படிக்கிணற்றுக்கு ஒதுக்கிய நாள் விருந்தில் கரையும். இது குறையா நிறையா என்பது உங்கள் குடும்பத்தைப் பொறுத்தது.

## அனுராதபுரம், பொலன்னறுவை: விசா இல்லாமல்

கண்டியில் இருந்து மாத்தளை, தம்புள்ளை வழியாக அனுராதபுரம் சுமார் 140 கிலோமீற்றர். ஹட்டனில் விடியற்காலை நாலு மணிக்கு வேன் எடுத்தால், மாத்தளை முத்துமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு மத்தியானத்துக்குள் போய்விடலாம்.

அபயகிரி விகாரை வளாகத்தில் இருக்கும் குட்டம் பொக்குண என்ற இரட்டைக் குளத்தைத்தான் பார்க்க வேண்டும். பெரியது சுமார் 40 மீற்றர் நீளம், சிறியது 28. கட்டிய விதத்தில் இதன் முன்னால் குஜராத்தும் கொஞ்சம் தலை குனியும். வாய்க்காலில் வரும் நீர் முதலில் ஒரு சின்னத் தொட்டியில் நின்று மண்ணை அடியில் விட்டுவிடும். தெளிந்த நீர் மட்டும் மகர வாய் வழியாகச் சிறிய குளத்தில் விழும். அங்கிருந்து நிலத்தடிக் குழாயில் பெரிய குளத்துக்குப் போகும். தொட்டிக்கு அருகில் ஐந்து தலை நாகம், படிகளின் ஓரத்தில் பூரண கும்பம். அந்த மகர வாயைப் பார்த்ததும் எனக்குப் பழகிய இடத்துக்கு வந்தது போல இருந்தது. அது பீலிதான், கல்லில் செதுக்கிய பீலி. மிகிந்தலையில் சிங்கத்தின் வாயிலிருந்து நீர் விழும்படி அமைத்த சிங்கப் பொக்குண இன்னும் பக்கா பீலி.

பொலன்னறுவையில் எட்டு இதழ்த் தாமரை போல அடுக்கடுக்காகக் குறுகும் தாமரைக் குளம் இருக்கிறது. சின்னது, தண்ணீர் இருக்காது, வடிவம் மட்டும் மறக்காது. அங்கேயே சோழர் காலத்து வானவன் மாதேவி ஈஸ்வரத்தில் தமிழ்க் கல்வெட்டு உண்டு, அதையும் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்.

வெளிநாட்டவர் கட்டும் டொலர் கட்டணம் நமக்கு இல்லை, அடையாள அட்டை போதும். செலவு என்றால் வேன், டீசல், ஓர் இரவு அறை. பொசன் போயாவை (ஜூன் பௌர்ணமி) ஒட்டிப் போனால் அறை கிடைக்காது, தன்சல் என்ற இலவச உணவுப் பந்தலில் சோறு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். புனித இடங்களில் செருப்பைக் கழற்றியபின் மத்தியானக் கல் தோசைக்கல்தான், பையில் ஒரு சோடி காலுறை இருக்கட்டும்.

இறங்குவது? இரட்டைக் குளத்தின் படிகளில் கொஞ்ச தூரம், தண்ணீரைத் தொடுவதோடு சரி. குளிக்கவே வேண்டும் என்றால் யாழ்ப்பாணம் கீரிமலைக் கேணிதான். கடலை ஒட்டி நன்னீர் ஊற்று, படி இறங்கி முங்கலாம், பெண்களுக்குத் தனிக் கேணி. நான்கு வழியிலும் சேர்த்து உடம்பு முழுக்க நனைந்தது எனக்கு அங்கே மட்டும்தான்.

## ஒரே பார்வையில்

| எங்கே | இறங்கலாமா | ஹட்டனில் இருந்து குறைந்தது | நல்ல மாதம் | கணக்கில் வராத செலவு |
|---|---|---|---|---|
| குஜராத் | அடாலஜில் நன்றாக, ராணி கி வாவில் பாதி | 6 நாள் | டிசம்பர், ஜனவரி | நாள் வாடகைக் கார், மாறும் விமானம் |
| ராஜஸ்தான், டில்லி | பிரபலமான இடங்களில் இல்லை | 7 நாள் | நவம்பர், பெப்ரவரி | தூரம், பனிமூட்டத் தாமதம் |
| திருச்சி, காஞ்சிபுரம் | அன்றைய அதிர்ஷ்டம், சித்திரைப் பௌர்ணமியில் நிச்சயம் | 4 நாள், காஞ்சியும் என்றால் 6 | ஜனவரி, திருவிழாவுக்கு ஏப்ரல் அல்லது மே | சொந்தக்காரர்கள் |
| அனுராதபுரம், பொலன்னறுவை | சில படிகள் | 2 நாள் | பெப்ரவரி, ஆகஸ்ட் | வேன் |

## யாருக்கு எது

வயதான அம்மா அப்பா கூட வருகிறார்கள், நாலைந்து நாள்தான் லீவு என்றால் திருச்சி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிறு பிள்ளைகளோடு முதல் தடவை என்றால் அனுராதபுரம். பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போய், நீர் எப்படி ஓடுகிறது என்று கேள்வி கேட்க ஆரம்பித்தால் அடுத்த வருடம் கடல் தாண்டலாம். கேட்காவிட்டால் நிறையப் பணம் மிச்சம்.

நண்பர்கள் மூன்று நான்கு பேர், டிசம்பரில் ஒரு வாரம், காலில் வலு இருக்கிறது என்றால் யோசிக்காமல் குஜராத். அகமதாபாத்தில் மூன்று இரவு தங்கினால் போதும், தினமும் ஹோட்டல் மாற்ற வேண்டாம். முதல் நாள் ஊருக்குள்ளேயே அசார்வாவில் இருக்கும் தாதா ஹரிர் வாவுக்குப் போங்கள். அதிகம் பேர் வருவதில்லை, அமைதியாக இறங்கிப் பழக நல்ல இடம். இரண்டாம் நாள் விடியற்காலையில் கார். அப்போது போகும் வரிசை முக்கியம். முதலில் பாட்டன், திரும்பும் வழியில் மொதேரா, கடைசியில் அடாலஜ். அடாலஜின் மத்தியான வெளிச்சம் வேண்டும் என்றால் அதை மூன்றாம் நாளுக்குத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் எல்லாம் பார்த்துவிடலாம் என்று ஓட்டுநர் சொல்வார், பார்க்கலாம்தான், ஆனால் ராணி கி வாவுக்கு இரண்டு மணி நேரம் கேட்டு வாங்குங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ரூபாயை அங்கே மாற்றுவது கஷ்டம், டொலராகக் கொண்டுபோங்கள். இந்தியாவில் இளநீர்க்காரர்கூட கியூஆர் கோடு வைத்திருக்கிறார், நம் பேங்க் ஆப்பில் அது நான் போனபோது வேலை செய்யவில்லை. பாட்டனில் ஒரு பெரிய நோட்டை நீட்டியபோது தேநீர்க் கடைக்காரர் சில்லறை இல்லை என்று கையை விரித்துவிட்டார். அப்புறம் என் சட்டைப்பையில் இருந்து ஒரு 100 ரூபாய் நோட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கல்லாவில் போட்டார். கிணறு நாங்கள் நின்ற இடத்தில் இருந்து நடக்கும் தூரம்தான்.